ஓரத்தில் ஒரு நகக்குழி

கரண்டி பாதி வட்டம் சுற்றிய பிறகுதான் அவள் கை நின்றது.

டப்பாவின் ஓரத்தில், ஜன்னல் பக்கமாக, கிரீமில் ஒரு குழி இருந்தது. பிறை போல. மோதிர விரல் நகத்தை உள்ளே விட்டு ஒரு சுண்டு சுண்டி எடுத்தால் விழுகிற குழி. மூடியைத் திறந்தவுடனே அது கண்ணில் பட்டது. பட்டதை மனம் வாங்கிக்கொள்வதற்குள் கை முந்திக்கொண்டது. திற, முகர்ந்து பார், மட்டம் பண்ணு. இருபத்திரண்டு வருஷப் பழக்கம். இப்போது கிரீம் வெள்ளையாக, தட்டையாக, தனக்கு ஒன்றும் தெரியாது என்பது போல இருந்தது.

“என்னம்மா, முடிஞ்சுதா?” கீழேயிருந்து டீச்சரின் குரல்.

“இன்னும் ரெண்டு பாக்கி டீச்சர்.”

குரல் சாதாரணமாகத்தான் வந்தது. கரண்டியைக் கீழே வைத்தாள்.

பார்லரில் அவளுக்குத் தேதியக்கா என்று பெயர். சொந்தப் பெயரைக் கேட்டால் முதலாளியம்மாவே ஒரு நிமிஷம் யோசிப்பாள். எந்த டப்பாவைத் திறந்தாலும் அடியில் ஒரு துண்டு காகித டேப்பை ஒட்டி, திறந்த தேதியை எழுதிவிட்டுத்தான் மறுவேலை. கண்ணைச் சுற்றிப் போடுவது என்றால் மூன்று மாதம். முகத்துக்கும் முடிக்கும் போடும் கிரீம் ஆறு மாதம். பவுடர் ஒரு வருஷம் தாங்கும். தேதி தாண்டிவிட்டால் பாதி டப்பா மிச்சம் இருந்தாலும் குப்பைத் தொட்டிதான்.

“நீ கடை வெச்சேன்னா மூணே மாசத்துல தெருவுல நிப்பே” என்பாள் முதலாளியம்மா.

“நிக்கறேன். என்னால யார் தலையும் புண்ணாகாது இல்ல” என்பாள் இவள்.

அதற்கு மேல் அந்தப் பேச்சு போகாது. ஏன் என்று இருவருக்கும் தெரியும். மூக்குக் கண்ணாடிக் கடைக்கு மேலே அந்த பார்லர் திறந்த புதிதில், நாற்றம் இல்லையே என்று நம்பி, ஒரு பழைய டப்பாவிலிருந்து எடுத்து ஒரு பெண்ணின் தலையில் தேய்த்துவிட்டாள். முதலாளியம்மா வீட்டுக் குளியலறை அலமாரியில் நீராவி பட்டுக் கிடந்த டப்பா. எத்தனை பேருடைய ஈரக்கை அதற்குள் போயிருந்ததோ. அடுத்த வாரம் அந்தப் பெண் தலையில் துணி கட்டிக்கொண்டு படியேறி வந்தாள். திட்டவில்லை. துணியை அவிழ்த்து, குனிந்து, தலையைக் காட்டினாள். பிறகு துணியைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனாள். அந்த மண்டை தேதியக்காவின் கண்ணை விட்டுப் போகவில்லை. அன்றைக்கே டேப் வாங்கினாள்.

அன்றிலிருந்து டப்பாவுக்குள் விரல் விடுகிறவர்களைக் கண்டால் அவளுக்கு ஆகாது. சின்னக் கரண்டியால் எடுக்க வேண்டும். எடுத்த இடத்தை மட்டம் பண்ணி மூட வேண்டும். மட்டமாக இருந்தால்தான், அடுத்தவர் கை வைத்தால் தெரியும். மட்டம் பண்ணுவதே அதற்காகத்தான்.

வீட்டிலும் இதே கதை. மாவு டப்பா, சோப்புத்தூள், கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து, எதைக் கவிழ்த்துப் பார்த்தாலும் அடியில் தேதி இருக்கும். பஸ் ஓட்டும் புருஷன் ஒருநாள் குனிந்து முதுகைக் காட்டினான்.

“எனக்கும் ஒண்ணு ஒட்டு. எப்ப கெட்டுப்போவேன்னு தெரிஞ்சு வெச்சுக்கலாம்.”

“உங்களுக்கு எப்பவோ தேதி தாண்டிடுச்சு. தூக்கிப் போட மனசு வரல, அவ்வளவுதான்.”

ஊரில் உள்ள தலைகளையெல்லாம் சீவிவிட்டு வருகிறவளுக்குத் தன் தலையைத் தொடப் பிடிக்காது. தோள்வரைகூட விடாமல் வெட்டிக்கொண்டுவிட்டாள். நகத்தையும் சதையோடு ஒட்ட வெட்டியிருப்பாள். கண்ணாடியில் தன் முகத்தைப் பார்ப்பதே அபூர்வம். அவள் கண்ணாடியில் பார்ப்பதெல்லாம் முன்னால் உட்கார்ந்திருப்பவர்களை.

அப்படிப் பார்த்தவர்களில் ஒருத்திதான் டீச்சரின் மகள்.

எட்டரைக்கு ஆபீஸில் இருக்க வேண்டியவள். எட்டு மணிக்குக் கண் விழிப்பாள். பார்லருக்கு வந்தாலும் நாற்காலியில் முழுதாக உட்காரமாட்டாள், நுனியில் தொற்றிக்கொண்டிருப்பாள். தேதியக்கா அவளை அவசரக்குடுக்கை என்றுதான் கூப்பிடுவாள். அவளும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

“அக்கா, அஞ்சு நிமிஷத்துல தலை ஆகணும். வழி சொல்லுங்க.”

“மொட்டை அடிச்சுக்கோ. அஞ்சு நிமிஷம்கூட ஆகாது.”

“அது வேண்டாம். அடுத்த வழி.”

தேதியக்கா ஒவ்வொன்றாகச் சொல்லித் தந்தாள். டிரை ஷாம்பூ பவுடரைக் காலையில் கொட்டாதே, முந்தின நாள் படுக்கப் போகும்போது வேரில் தூவிக்கொள், நீ தூங்குகிற நேரத்தில் அது எண்ணெயை உறிஞ்சிவிடும். தலை முழுக்க நனைக்க நேரமில்லையா, நெற்றிமேல் விழுகிற முடியை மட்டும் வாஷ்பேசினில் காட்டிக் கழுவு, பார்க்கிறவர்களுக்கு முழுத்தலையும் குளித்ததாகத்தான் தெரியும். துண்டால் தேய்க்காதே, பழைய பனியன் துணியால் ஒற்றி எடு. சிக்கை மேலேயிருந்து இழுக்காதே, நுனியில் தொடங்கி மேலே போ.

அந்தப் பெண் ரப்பர் பேண்டை நாளுக்கொன்றாகத் தொலைப்பாள். அதற்கென்று தேதியக்கா தானாக யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தாள். பின்னலின் கடைசி நாலு விரற்கடை வந்ததும் ஒரு இழையை மட்டும் தனியாகப் பிரித்து, மற்ற இரண்டையும் அதனால் இரண்டு சுற்று சுற்றி, நுனியைப் பின்னலுக்குள்ளேயே செருகி இழுத்துவிடுவது. ஓடினாலும் அவிழாது. வேறு யாருக்கும் அதைச் சொல்லித் தந்ததில்லை. வேறு யாருக்கும் தேவைப்படவில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அந்தப் பெண் சொல்பேச்சுக் கேட்கவில்லை. கரண்டியைத் தொடமாட்டாள். மோதிர விரலில் மட்டும் நகம் வளர்த்திருந்தாள். அந்த நகத்தால் டப்பாவின் ஓரத்தில் ஒரு சுண்டு.

“விரலை எடுடி. கிருமி.”

“என் கிருமிதானேக்கா. எனக்குப் பழக்கமானதுதான்.”

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு வேலைநாளில், எட்டேகால் மணிக்கு, ஈரத்தலையோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். “அஞ்சு நிமிஷம்மா, வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். பஸ் நிறுத்தத்தில் நின்று முடியின் நுனியைப் பிழிந்துகொண்டிருந்ததை எதிர்க்கடைக்காரர் பார்த்தார். அதற்குப் பிறகு அவளைப் பார்த்தேன் என்று சொல்ல ஆளில்லை. வீட்டில் சண்டை எதுவும் நடந்திருக்கவில்லை. எழுதி வைத்துவிட்டும் போகவில்லை. போலீஸில் ஒரு கோப்பு இருக்கிறது.

நாலு மாதம் கழித்து டீச்சர் பார்லருக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுத்து ஓய்வு பெற்றவர். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து டப்பாக்களையும் புட்டிகளையும் ஒவ்வொன்றாக எடுத்து மேஜைமேல் வரிசையாக வைத்தார்.

“இதெல்லாம் கெட்டுப்போகாம இருக்கணும். என்ன செய்யணும்?”

“எல்லாம் கெட்டுத்தான் போகும் டீச்சர். மாத்திக்கிட்டேதான் இருக்கணும்.”

“அப்ப மாத்து” என்றார் டீச்சர். “அவ வந்தா மொதல்ல தலையத்தான் பாத்துப்பா. திறக்கும்போது நாத்தம் அடிக்கக் கூடாது.”

அதுதான் தொடக்கம். மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, பார்லருக்கு விடுமுறை நாள், காலை பத்து மணிக்கு இவள் அந்த வீட்டின் மாடி அறைக்கு ஏறுவாள். டீச்சர் அந்த அறைக்கென்று சின்ன ஃபிரிட்ஜ் ஒன்று வாங்கிப் போட்டிருந்தார். மகள் போன அன்றைக்கு எது எவ்வளவு இருந்ததோ, அந்த அளவுக்குப் புட்டிகளின் வெளிப்புறத்தில் பென்சிலால் மெல்லிய கோடு போட்டிருந்தார். கணக்கு டீச்சரின் கோடு, ஒரு நூல்கூடச் சாயாது. தேதி வந்துவிட்டால் இவள் டப்பாவைக் காலி செய்து, வெந்நீரில் அலசி, ஈரம் போக உலர்த்தி, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, புதுக் கிரீமை அதே அளவுக்கு நிரப்புவாள். டப்பா அதே டப்பா. உள்ளே இருப்பது ஐந்தாவது தடவை புதிது. எல்லாம் முடிந்ததும் மூடிக்கும் உடம்புக்கும் சேர்த்து டேப்பை ஒட்டி, அதன்மேல் குறுக்காகத் தேதியை எழுதுவாள். தலை சீவும் பிரஷை மட்டும் தொடக் கூடாது. அதில் சுற்றியிருந்த முடி அப்படியே இருக்க வேண்டும் என்பது டீச்சரின் உத்தரவு.

அறைக்கு ஒரே சாவி. அது கீழே, காலண்டர் மாட்டிய ஆணியில் தொங்கும்.

வேலை முடித்து இறங்கி வந்ததும் டீச்சர் கேட்பார்.

“எல்லாம் அப்படியே இருக்கா?”

“அப்படியேதான் இருக்கு டீச்சர்.”

பிறகு டீச்சரின் தலையைச் சீவி விடுவாள். முப்பத்திரண்டு மாதமாக இதே கேள்வி, இதே பதில். இருமல் வந்தால் நெஞ்சைத் தடவிக்கொள்வது மாதிரி ஆகிவிட்டது இருவருக்கும்.

இன்றைக்கு வாசலில் செருப்பை விடும்போதே டீச்சர் போனில் பேசுவது கேட்டது. மறுமுனையில் மகன். வேறு ஊரில் இருக்கிறவன், இரண்டு வருஷமாக அம்மாவைத் தன்னோடு வந்துவிடும்படி கெஞ்சிக்கொண்டிருப்பவன். எட்டு மாதத்துக்கு முன்னால் டீச்சர் மாடிப்படியில் விழுந்தார். இடுப்பு தேறியது, வலது தோள் தேறவில்லை. அந்தக் கை மார்புக்கு மேலே எழும்பாது. படி ஏறவும் முடியாது. இரண்டு வாரத்துக்கு முன்னால் குளியலறையில் இன்னொரு தடவை விழுந்து, தண்ணீர் கேன் கொண்டு வருகிறவர் குரல் கேட்டு எட்டிப் பார்க்கும்வரை, காலையிலிருந்து மதியம்வரை அங்கேயே கிடந்தார். மூன்றாவது தடவை விழுந்தால் எழுந்திருக்கமாட்டார் என்று டாக்டர் மகனிடம் சொல்லியிருந்தார்.

“மூணு மணிக்கு வா” என்று டீச்சர் போனில் சொல்லிக்கொண்டிருந்தார். “பெட்டி கட்டியாச்சு. ஆனா தலை சீவ வர்றவகிட்ட கடைசியா ஒரு தடவை கேப்பேன். அப்படியே இருக்குன்னு சொன்னா உன்னோட வர்றேன். இல்லேன்னா நீ என்னைத் தூக்கிட்டுப் போனாலும் வரமாட்டேன்.”

போனை வைத்துவிட்டு இவளைப் பார்த்தார். “கேட்டுதா? போய்ப் பாத்துட்டு வா. ஒண்ணும் இல்லேன்னா எல்லாத்தையும் எடுத்துப் போட்டுடு.”

பதிலை வாயில் வைத்துக்கொண்டுதான் இவள் படியேறினாள்.

இப்போது டப்பா முன்னால் நின்றாள். வெளியே நல்ல வெயில். பக்கத்துப் பட்டறையில் யாரோ தகரத்தைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். பயப்படுகிற மாதிரியான நேரமே இல்லை அது.

டேப்பைப் பார்த்தாள். சற்று முன்னால் தானே கத்தரிக்கோல் நுனியால் மூடி ஓரமாக அறுத்த டேப். ஒரு பாதி மூடியில், ஒரு பாதி டப்பாவில். மூடியை வைத்துப் பொருத்திப் பார்த்தாள். போன மாதத் தேதி, அவள் கையெழுத்து, அறுந்த எண்களின் இரண்டு பாதிகளும் மயிரிழை பிசகாமல் சேர்ந்தன. நடுவில் யாரும் பிரித்து ஒட்டியிருக்கவில்லை.

அப்படியென்றால் போன மாதம் தானே அப்படி மூடியிருக்க வேண்டும். மட்டம் பண்ணாமல் மூடினோமா என்று நினைத்துப் பார்த்தாள். சேலை கட்டாமல் தெருவில் இறங்கினாயா என்று கேட்பது போலத்தான் அது. இருந்தாலும் ஒன்றைச் சோதித்துப் பார்த்துவிட நினைத்தாள். மோதிர விரலை நீட்டி, ஓரத்தில், டப்பாவுக்குள் விட்டாள்.

இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. கிரீம் குளிர்ந்திருந்தது. யாருடைய வாய்க்குள்ளேயோ விரலை விட்டதுபோல உடம்பு கூசியது. விரலை எடுத்தாள். மொண்ணையான, அகலமான ஒரு பள்ளம். நகம் இல்லாத விரலால் அந்தப் பிறை விழாது.

அதையும் மட்டம் பண்ணினாள். விரலைத் துடைத்தாள்.

முடிக்குத் தடவுகிற சீரம் புட்டியை வெளிச்சத்தில் பிடித்தாள். பென்சில் கோட்டுக்கு ஒரு நூல் கீழே இருந்தது. சீரம் கொஞ்சம் ஆவியாகும், அது ஒன்றும் இல்லை என்று சொல்லிக்கொண்டாள். நாற்காலி முதுகில் அந்தப் பெண் போட்டுவிட்டுப் போன பழைய பனியன் துணி தொங்கியது. மூன்று வருஷமாக அதே மடிப்பில் தொங்குகிறது. கையை வைத்தாள். ஒரு மூலை சில்லென்றிருந்தது. ஃபிரிட்ஜைத் திறந்து வைத்ததால் குளிர்ந்திருக்கலாம். ஈரமா, குளிர்ச்சியா என்று தெரியவில்லை என்று நினைத்தாள். நாள் முழுக்க ஈரத்தலையைத் தொடுகிற கை அது. அதற்குத் தெரிந்துதான் இருந்தது.

பிரஷ் பக்கம் அவள் பார்க்கவில்லை.

கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள். குழி இருந்தது என்று சொன்னால் டீச்சர் அந்த வீட்டை விட்டு நகரமாட்டார். ஒற்றைக் கையோடு, ஊன்றுகோலோடு, இன்னும் எத்தனை மாதமோ, குளியலறைத் தரையில் கிடக்கும்வரை. சொல்லாவிட்டால் மூன்று மணிக்குப் போய்விடுவார். பிறகு ஒருநாள் அந்த அவசரக்குடுக்கை இந்த வீட்டு வாசலில் வந்து நின்றால், உள்ளே இருப்பது யாரோ. எதைச் சொன்னாலும் காட்டுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. இருந்த ஒன்றையும் தன் கையாலேயே துடைத்துவிட்டாள். வந்தது அவள்தானா, எப்படி வந்தாள், இப்போது எப்படி இருக்கிறாள் என்பதற்குள்ளெல்லாம் போக இவளுக்குத் துணிச்சல் வரவில்லை.

ஃபிரிட்ஜின் வயரைப் பிடுங்கினாள். டப்பாக்களையும் புட்டிகளையும் பையில் போட்டாள். கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு பிரஷையும் எடுத்துப் போட்டாள். அறையைப் பூட்டிக்கொண்டு இறங்கினாள்.

டீச்சர் ஜன்னலைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தோளில் துண்டு போட்டுத் தயாராக இருந்தார். காலடியில் பெட்டி. பெட்டியின்மேல் ஊன்றுகோல்.

“எல்லாம் அப்படியே இருக்கா?”

ஊன்றுகோலின் நுனி ரப்பர் ஒரு பக்கமாகத் தேய்ந்திருந்ததை இவள் பார்த்தாள்.

“அப்படியேதான் இருக்கு டீச்சர்.”

“நல்லா பாத்தியா?”

இந்த இரண்டாவது கேள்வி முப்பத்திரண்டு மாதத்தில் வந்ததில்லை.

“பாத்தேன் டீச்சர்.”

“ம்.” தோளில் துண்டை இழுத்துவிட்டுக்கொண்டார். “உன்னை மாதிரி என் வகுப்புல ஒருத்தி இருந்தா. விடை தப்பா இருந்தாலும் வழி சுத்தமா எழுதியிருப்பா. பாதி மார்க் போட்டுடுவேன்.”

என்ன சொல்கிறார் என்று இவளுக்குப் புரிந்தும் புரியாமலும் இருந்தது. “அந்தப் பாதி மார்க்கையாவது போடுங்க” என்றாள்.

“போட்டாச்சு. தலையப் பாரு.”

பின்கழுத்தில் இருந்த கிளிப்பை எடுத்தாள். வலது கை எழும்பாததால் டீச்சர் இடது கையால் முடியை அள்ளி அந்த ஒரு கிளிப்பைத்தான் போட்டுக்கொள்வார். நரைத்த, மெலிந்த முடி முதுகில் விழுந்தது. நுனியில் சீப்பை வைத்துத் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மேலே போனாள். நடுத்தலைக்குக் கீழே, உள்முடியில், சீப்பு தட்டியது.

மேல்முடியை விலக்கினாள். பென்சில் கனத்தில் ஒரு சின்னப் பின்னல். சீராக, இறுக்கமாகப் பின்னியிருந்தது. நுனியைத் தூக்கிப் பார்த்தாள். ரப்பர் பேண்ட் இல்லை. இரண்டு சுற்று. உள்ளே செருகி இழுத்திருந்தது. பையில் இருந்த கிரீமின் வாசனை அந்தப் பின்னலில் வந்தது.

சீப்பு நின்றது டீச்சருக்குத் தெரிந்துவிட்டது.

“இருக்கா இன்னிக்கும்?” என்றார், ஜன்னலைப் பார்த்தபடியே.

“என்னது டீச்சர்?”

“அந்தப் பின்னல். ஒரு வாரமா இருக்கு. மத்தியானம் சாப்பிட்டுட்டுச் சாய்வேன் இல்ல, எழுந்தா இருக்கும். சாயங்காலம் தானா அவிழ்ந்திடும். நேத்து அவிழல. பிள்ளைகிட்ட சொன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போவான். எனக்கே எது நெசம்னு தெரியல. அதான் நீ வந்து மேல பாக்கட்டும்னு இருந்தேன். மேல எல்லாம் அப்படியே இருந்தா, இது என் மண்டையோட வேலைன்னு வெச்சுக்கலாம்.”

சீப்பில் சிக்கியிருந்த ஒரு முடியை இவள் உருவி எடுத்தாள்.

“நீதான் தலைக்காரி, சொல்லு” என்றார் டீச்சர். “ஒரு கையால பின்ன முடியுமா?”

முடியாது. மூன்று இழையை ஒரு கை பிடிக்கலாம், இறுக்க முடியாது. தொழிலுக்கு வந்த முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்கிற விஷயம்.

“பழகிட்டா முடியும் டீச்சர்.”

“தூக்கத்துலயா?”

“கைக்குத் தெரிஞ்சது தூக்கத்துலயும் வரும்.”

டீச்சர் இடது கையைத் தூக்கி ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு மடியில் வைத்துக்கொண்டார்.

“அப்ப சரி.”

“அவிழ்த்துடட்டுமா?”

“நீ எப்பவும் என்ன செய்வியோ அதைச் செய்.”

இந்தத் தடவை கை முந்தவில்லை. மனம்தான் கையைப் பிடித்துத் தள்ள வேண்டியிருந்தது. செருகியிருந்த நுனியை இழுத்தாள். சுற்றைப் பிரித்தாள். மூன்று இழையும் விரிந்தன. சீப்பு போட்டும் முடியில் பின்னலின் அலை நின்றது. விரலைத் தண்ணீரில் தொட்டு அந்த அலையை நீவினாள். மறுபடி எழும்பியது. மறுபடி நீவினாள். யாரோ பிடித்துக்கொண்டிருக்கும் துணியை மெதுவாக வாங்குவது போல இருந்தது. டீச்சர் அசையவில்லை. துண்டின்மேல் மட்டும் ஒரு சொட்டு விழுந்தது. சீப்பிலிருந்து விழுந்த தண்ணீராக இருக்கலாம்.

கடைசி அலையும் நேரானபோது, மாடியில் அதுவரை ஓடிக்கொண்டிருந்த ஃபிரிட்ஜின் உறுமல் நின்றது. வீடு சட்டென்று அமைதியானது.

வேரில் கொஞ்சம் பவுடர் தூவி, கிளிப்பைப் போட்டுவிட்டாள். பையை எடுத்துக்கொண்டு, டீச்சரின் கையைத் தொட்டுச் சொல்லிக்கொண்டு, சாவியை ஆணியில் மாட்டினாள். வாசலில் செருப்பில் காலை நுழைத்த பிறகுதான், ஃபிரிட்ஜின் வயரைத் தான் ஏற்கெனவே பிடுங்கிவிட்டோம் என்பது அவளுக்கு ஞாபகம் வந்தது. திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். தெருமுனைத் தொட்டியில் பையைப் போட்டாள்.

மூன்று மணிக்கு மகன் காரில் வந்து டீச்சரை அழைத்துப் போனான்.

மறுநாள் புதன்கிழமை. தேதியக்கா காலையில் அந்தத் தெரு வழியாகத்தான் வேலைக்குப் போனாள். தொட்டி காலியாக இருந்தது. அந்த வீட்டு வாசலில் மகன் அனுப்பிய ஒரு வேன் நின்றது. இரண்டு பேர் மாடியிலிருந்து சின்ன ஃபிரிட்ஜை இறக்கிக் கொண்டிருந்தார்கள்.

பார்லர் ஒன்பதரைக்குத் திறந்தது. மதியத்துக்குள் நாலு பேருக்கு முடி வெட்டினாள், ஒருவருக்குச் சாயம் போட்டாள். அலமாரியைச் சுத்தம் செய்து தேதி தாண்டிய மூன்று புட்டிகளை எடுத்துப் போட்டாள். முதலாளியம்மா முணுமுணுத்தாள்.

நாலு மணிக்கு டீச்சர் போன் செய்தார். சௌகரியமாக வந்து சேர்ந்ததாகச் சொன்னார். கீழ்த்தளத்திலேயே அறை கொடுத்திருக்கிறார்களாம். குளியலறையில் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்திருக்கிறார்களாம்.

“மத்தியானம் ஒரு மணி நேரம் தூங்கினேன்” என்றார். “எழுந்து தலையத் தொட்டுப் பாத்தேன்.”

“என்ன டீச்சர்?”

“நீ சீவி விட்டது அப்படியேதான் இருக்கு.”

உடம்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி இவள் போனை வைத்தாள். அடுத்து ஒரு வாடிக்கையாளர் காத்திருந்தார். புது கிரீம் டப்பா ஒன்றைத் திறந்தாள். அடியில் டேப் ஒட்டித் தேதி எழுதினாள். கரண்டியால் வேண்டிய அளவு எடுத்தாள். மட்டம் பண்ணி மூடினாள். ஏழு மணிக்கு வீட்டுக்குப் போனாள்.